ஆரஞ்சு சோபாவும் சைக்கிள் மணியும்

தைஸ் சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்றான்.

சோபா இருந்தது வீட்டுக்குள் இல்லை, தெருவில். லைடன் நகரத்தில், கால்வாய் ஓரத்துத் தெரு ஒன்றில், ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று கிடந்தது. அதன் மேல் ஐந்து வயது தைஸ், ராஜா மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சோபா வராத வீட்டுக்கு நானும் வரமாட்டேன்."

"வரும்டா. இப்ப மேலதான் போகப் போகுது" என்றாள் அக்கா ஃபென்னா. அவளுக்குப் பத்து வயது. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அன்று அவர்கள் வீடு மாறுகிற நாள். புது வீடு மூன்றாவது மாடியில். அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் படிகளும் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். ஒரு ஆள் ஏறுவதே பெரும்பாடு. அதனால் பெரிய சாமான்கள் ஜன்னல் வழியாகத்தான் போகும். கூரை உச்சியில் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கொக்கி, கொக்கியில் கப்பி, கப்பியில் கயிறு. கீழே நின்று இழுக்க வேண்டியதுதான்.

அலமாரி போய்விட்டது. மேசை போய்விட்டது. சோபா மட்டும் தைஸைப் போலவே அடம் பிடித்தது.

அப்பாவும் அம்மாவும் கயிற்றை இழுத்தார்கள். சோபா சுவரில் மோதாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க இன்னொரு கயிறு. அது ஹார்மன் பெரியப்பாவின் கையில். மேலே ஜன்னலில் சோபாவை வாங்கி உள்ளே இழுக்க அம்மாவின் தம்பி யோரிஸ் மாமா. ஃபென்னாவுக்குக் கிடைத்த வேலை, எதிரே கால்வாய்க் கம்பி ஓரமாகத் தம்பியோடு நிற்பது. அவ்வளவுதான்.

தைஸைத் தூக்கி இறக்கிவிட்டு இழுக்க ஆரம்பித்தார்கள்.

"இழு, இழு!" என்றார் அப்பா.

"கொஞ்சம் விடு!" என்றார் பெரியப்பா.

"இடது பக்கம்!" என்றாள் அம்மா.

"யாரோட இடது பக்கம்?" என்று மேலேயிருந்து மாமா கத்தினார்.

சோபா அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் மாடி ஜன்னலில் இருந்த பூந்தொட்டியைத் தட்டிவிட்டது. டமார்!

இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார்கள். இந்தத் தடவை ஜன்னல் வரைக்கும் போனது. மாமா கையை நீட்டினார், பிடி கிடைக்கவில்லை. சோபா திரும்பவும் தெருவுக்கே வந்தது. தைஸ் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டான்.

"போதும்ப்பா" என்றார் அப்பா. "கயிறு, கப்பியெல்லாம் சாயங்காலத்துக்குள்ள கடையில திருப்பிக் கொடுக்கணும். இதைத் தெருமுனையில வச்சுடலாம். நாளைக்கு நகராட்சி வண்டி எடுத்துட்டுப் போயிடும்."

தைஸ் அழவில்லை. சோபாவின் கையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பது அந்தச் சோபாவில்தான். அது ஃபென்னாவுக்கும் வேண்டும்.

"அப்பா, இன்னும் ஒரே தடவை. நான் சொல்ற மாதிரி செய்றீங்களா?"

பெரியப்பா பெரிதாகச் சிரித்தார். "முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள எங்களுக்கு மேஸ்திரியா?"

"உங்களுக்குச் சுவர்தான் தெரியுது, பெரியப்பா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கயிறுதான் தெரியுது. கால்வாய் ஓரமா நின்னா எல்லாமே தெரியுது. அங்க நிக்கிறது நான்தானே?"

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவ சொல்றது சரிதான் அண்ணா. ஒரே ஒரு தடவை."

ஃபென்னா முதலில் படியேறி மேலே போனாள். எதிரே நின்றபோது அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். சோபா பக்கத்தில் வந்ததும் மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மாமா, உங்களுக்கு உயரம்னா பயமா?"

"யாரு சொன்னா?" என்று மாமா படக்கென்று திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ பார்த்தா முட்டி நடுங்குதும்மா. உங்க பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னை ஓட்டுவாரு."

"சொல்லவே மாட்டேன்."

மாமாவோடு கீழே வந்ததும், "அம்மா, நீ ஜன்னலுக்குப் போம்மா. மாமா ஞாயித்துக்கிழமை ஆனா படகு வலிக்கிறவர், கயிறு இழுக்க அவர்தான் சரி" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாமா அவளை நன்றியோடு பார்த்தார்.

அடுத்து, பெரியப்பாவைக் கேட்டு அவருடைய சைக்கிள் மணியைக் கழற்றினாள்.

"இனிமே யாரும் கத்தக் கூடாது. நான் மட்டும்தான் சொல்வேன். மணி அடிச்சா எல்லாரும் நிறுத்திடணும்."

"மணி அடிச்சா இழுக்கணும்னு வை" என்றார் பெரியப்பா. "கப்பல்லயெல்லாம் அப்படித்தான்."

"நீங்க எந்தக் கப்பல்ல போனீங்க?" என்று அம்மா ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"நிறுத்தறதுக்குத்தான் பெரியப்பா. யாராவது தப்பா அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்ற ஃபென்னா, தம்பி பக்கம் திரும்பினாள். "தைஸ், மணி அடிக்க ஒரு ஆள் வேணும். நான் தோளைத் தட்டினா அடிக்கணும். ஆனா சோபா மேல உக்காந்துக்கிட்டு அடிக்க முடியாது."

தைஸ் கொஞ்சம் யோசித்தான். குதித்து இறங்கினான்.

"இழுங்க!"

சோபா எழும்பியது. முதல் மாடி தாண்டியதும் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. தைஸின் தோளில் ஒரு தட்டு. கிணிங்! எல்லாரும் நின்றார்கள்.

"பெரியப்பா, கால்வாய்ப் பக்கம் ரெண்டு எட்டு வாங்க. போதும். இழுங்க!"

பூந்தொட்டி இருந்த ஜன்னலைத் தொடாமல் தாண்டியது. மூன்றாம் மாடி வந்தது. அங்கே சோபாவின் கால் ஜன்னல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கிணிங்! அம்மா குனிந்து, அடியில் கையை விட்டுக் காலை விடுவிக்கப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, "கிணிங் கிணிங்!" என்று வேறொரு மணி.

கூடையில் நாய்க்குட்டியோடு ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். அம்மாவின் கை இன்னும் சோபாவுக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. மணி என்றால் நிற்பதுதானே! நின்றிருந்தவர்கள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். அந்தப் பெண் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

பெரியப்பா மேலே அம்மாவின் கையைப் பார்த்தார். "மணி அடிச்சா இழுக்கணும்னு வச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

"எடுத்தாச்சு!" என்றாள் அம்மா.

"இழுங்க! இன்னும், இன்னும்! பெரியப்பா, கயித்தை விடுங்க! அம்மா, இப்ப!"

சோபா வழுக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் போய் மறைந்தது. தெருவே அதிர்கிற மாதிரி எல்லாரும் கத்தினார்கள். கால்வாயில் போன படகிலிருந்துகூட யாரோ கைதட்டினார்கள்.

சாயங்காலம் பொட்டலம் பொட்டலமாக உருளைக்கிழங்கு வறுவல் வந்தது. சோபாவில் அம்மா, அப்பா, நடுவில் தைஸ். யோரிஸ் மாமா ஜன்னலுக்குத் தள்ளியிருந்த மூலையில் உட்கார்ந்தார். ஃபென்னா அதைக் கவனித்தாள். மிச்சம் ஒரு ஆளுக்குத்தான் இடம். பெரியப்பா "அப்பாடா" என்று அங்கே உட்காரப் போனார்.

கிணிங்!

பெரியப்பா பாதி உட்கார்ந்தபடியே அசையாமல் நின்றார்.

"அது அக்கா இடம்" என்றான் தைஸ்.

"உத்தரவு!" என்று பெரியப்பா நிமிர்ந்து, ஃபென்னாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். "உக்காருங்க, மேஸ்திரியம்மா."

ஃபென்னா உட்கார்ந்தாள்.