திருத்திய பதிப்பில் ஒரு பெரட்டு

மரியகொரட்டி டீச்சரின் அண்ணன் வாங்கிப் போட்டிருந்த பழைய பங்களாவுக்கு நாங்கள் போய் இறங்கியபோது பகல் இன்னும் நிறையவே மிச்சமிருந்தது. அப்புத்தளையிலிருந்து மேலே ஏறும் பாதை. பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மலையாடு ஒன்று அந்த வழியில் ஏறினால் பாதியிலேயே முழங்கால் வைத்தியரைத் தேடித் திரும்பிவிடும். வேன் அதற்கு மேல் ஏறாது என்று றுஷாந்தன் கையை விரித்துவிட்டான். கீழே, பெரட்டுக் களத்துக்கு அப்பால், அதை நிறுத்திவிட்டு நடந்தோம்.

பெரட்டுக் களம் என்றால், விடியற்காலையில் கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு நீங்கள் அவர் ஆள். வேலை விட்டாச்சு என்று அவர் சொல்லும்வரை வீட்டுப் பக்கம் திரும்ப முடியாது. தேயிலைத் தோட்டத்தின் அந்த டிவிஷனை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் கூரையில்லாமல் நின்றன. கவாத்துப் படாத தேயிலை மரமாக வளர்ந்து, எங்களை எட்டிப் பார்த்தது.

நாங்கள் வந்தது பேய் பார்க்க இல்லை. விளையாட.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பதுளையில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டாகிய நான், நல்லையா, கதை நடத்துபவன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மரியகொரட்டி, போன் திருத்தும் றுஷாந்தன், அவன் மனைவியான நர்ஸ் ஜெசீகா, இவர்கள் மூவரும் ஆடுபவர்கள். எங்கள் வயதில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். டீச்சரும் நானும் பூதங்களுக்குத் தலை சீவுவோம்.

ஆட்டத்தின் விதிகளும் கதையும் அடங்கிய ஆங்கில நூல் டீச்சரிடம் அச்சில் இருந்தது. மகள் கனடாவிலிருந்து அனுப்பியது. அந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினால் தெமோதரை வளைவில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதே நூலின் மின்பதிப்பு என் டெப்பில், அதாவது கையடக்கத் தட்டைக் கணினியில். அச்சு நூல் வாங்கினால் அது சும்மா கிடைக்கும். என் கண்ணில் புரை. ஆகையால் எழுத்தைத் தொட்டால் டெப்பே உரக்க வாசிக்கும்படி றுஷாந்தன் செய்து தந்திருந்தான். ஒரு வெள்ளைக்காரம்மாவின் குரல். தமிழ் எழுத்தைக் காட்டினால் வாயை மூடிக்கொள்ளும் குரல்.

இரண்டு பதிப்புக்கும் இடையில் எங்களுக்குள் தீராத சண்டை இருந்தது. பதிப்பகத்தார் பிழை கண்டுபிடித்தால் மின்பதிப்பைத் திருத்தி அனுப்பிவிடுவார்கள். அச்சில் பிழை பிழையாகவே கிடக்கும். கடைசியில் நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். இரண்டும் முரண்பட்டால் டெப் சொன்னதுதான் சரி.

நல்ல சட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹாலில் குளிர்ந்த கணப்படுப்பு. அதன் முன்னால் மேசை. ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டு, அதன் கீழே களம். நாங்கள் பகடையை எடுப்பதற்குள் பனி ஏறிவிட்டது. சும்மா பனி இல்லை. கத்தியால் வெட்டித் தட்டில் வைத்துச் சம்பல் போட்டுச் சாப்பிடலாம், அப்படிப்பட்ட பனி. களம் மறைந்தது. பிறகு படிக்கட்டும் மறைந்தது.

யார் முதலில் ஆடுவது என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும் என்கிறது புத்தகம். எங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. நான் கங்காணி மாதிரி குரலை உயர்த்திப் பெரட்டு எடுப்பேன். கூப்பிடும் வரிசையில் ஆடுவார்கள். பாத்திரங்களுக்குப் புத்தகம் தந்த பெயர்களையும் ஜெசீகா ஏற்கவில்லை.

"வாய்க்குள்ள நுழையாத பேரு எனக்கு வேணாம் அங்கிள். நான் ஜெசீகாவாவே வாழுறேன், ஜெசீகாவாவே சாகுறேன்."

அதனால் எல்லாரும் சொந்தப் பேரிலேயே ஆடினார்கள்.

நான் ஜன்னலைத் திறந்து, களம் இருந்த பக்கம் பார்த்தபடியே பெரட்டு எடுத்தேன். இடம் அப்படி. வாய் சும்மா இருக்குமா?

"மரியகொரட்டி!"

"வந்தேங்க."

"ஜெசீகா!"

"வந்தேங்க!"

"றுஷாந்தன்!"

அவன் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக் கும்பிட்டான். "வந்தேங்க தொரே! சம்பளத்த மட்டும் கூட்டிக் குடுங்க தொரே!"

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் வெளியே யாரோ சிரித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எதிரொலி என்று நினைத்தேன்.

ஆட்டம் சூடு பிடித்தபோதுதான் தேத்தண்ணி பிளாஸ்க்கும் ரோல்ஸும் வேனிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. றுஷாந்தன் எழுந்தான்.

"என் முறை வந்தா கூப்பிடுங்க கார்ட் ஐயா. பச்சைக் கொடி காட்டாம ரயில எடுத்துடாதீங்க."

"பனில விழுந்து தொலையாத. ரோல்ஸ் நசுங்கிரும்" என்றாள் ஜெசீகா.

அவன் படியிறங்கினான். அவன் முதுகைப் பனி மூடியது.

நான் டெப்பைத் தொட்டேன். கதையில் அவர்கள் ஒரு பாழ் மாளிகைக்குள் நுழைந்திருந்தார்கள். வெள்ளைக்காரம்மா அந்த அறையை வாசித்தாள். குளிர்ந்த கணப்படுப்பு. பக்கத்தில் ஒரு கூடை. கூடை நிறைய ஈரமான பச்சைக் கொழுந்து.

டீச்சர் புத்தகத்தின் மேல் விரலை வைத்தார். "கூடையா? அச்சுல கணப்படுப்போட முடிஞ்சிருச்சே."

"திருத்தியிருப்பாங்க டீச்சர். நம்ம சட்டப்படி டெப் சொன்னதுதான் சரி. கூடை இருக்கு."

சொல்லி முடித்ததும் எனக்கு வாசம் வந்தது.

பச்சைக் கொழுந்தின் வாசம்.

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கணப்படுப்பின் பக்கத்தில், கொழுந்து பறிப்பவர்கள் தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கும் கூடை ஒன்று சாய்ந்திருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது முந்தியே இருந்திச்சா?" ஜெசீகா கிசுகிசுத்தாள்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜெசீகா போனைக் காதில் வைத்தாள்.

"அவரக் கூப்பிடுங்க அங்கிள். போன் எடுக்க மாட்டேங்கிறார்."

நான் ஜன்னலுக்குப் போனேன். பழகிய வாய் பெரட்டுக் குரலிலேயே கூப்பிட்டது.

"றுஷாந்தன்!"

"வந்தேங்க."

அவன் குரல்தான். ஆனால் அது தனியாக வரவில்லை. ஆணும் பெண்ணும் கிழமும் இளசுமாக, பனி முழுவதும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொன்னது.

நான் பொய் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான். பதுளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதில் கூட்டவில்லை. குறைத்திருக்கிறேன்.

மேசையில் டெப் பேசியது. நான் அதைத் தொடவில்லை.

வெள்ளைக்காரம்மாவின் குரல் இல்லை அது. வெற்றிலை மென்று தொண்டை கரகரத்த ஓர் ஆண் குரல். தமிழ்.

"றுஷாந்தன். மேல் மலை."

ஜெசீகா வாசலுக்கு ஓடினாள். நாங்கள் பின்னால். பனிக்குள் வரிசையாக நிழல்கள் ஏறிக்கொண்டிருந்தன. குனிந்த தலைகள், முதுகில் கூடைகள். கடைசி நிழலின் முதுகில் கூடை இல்லை. தலையில் துவாய் இருந்தது.

மேல் மலை எங்கே முடிகிறது என்று பகலிலேயே போய்ப் பார்த்திருந்தோம். டர்பன்டைன் மரங்களுக்கு அப்பால் வெறும் பள்ளம். கல்லைப் போட்டால் சத்தம் வராத பள்ளம்.

"றுஷ்! இங்க வாங்க! திரும்பிப் பாருங்க!"

அவன் திரும்பவில்லை. அவளுடைய குரல் அவனுக்கு எட்டியதாகவே தெரியவில்லை.

உள்ளேயிருந்து டெப் கூப்பிட்டது.

"ஜெசீகா."

அவள் வாய் திறந்தது. பழக்கம். பேர் கூப்பிட்டால் பதில் சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். டீச்சர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தி, மேசையருகே இழுத்துப் போனார்.

"பதில் சொல்லாத புள்ள! சொன்னா நீயும் ஏறிருவ!"

நான் டெப்பை எடுத்து அணைத்தேன். திரை கறுத்தது. குரல் நிற்கவில்லை.

"ஜெசீகா."

நான் முருகனைக் கூப்பிட்டேன். டீச்சர் மாதாவைக் கூப்பிட்டார். இரண்டு பேருமே அன்றைக்கு அந்த மலைப் பக்கம் வரவில்லை. டீச்சர் ஒரு கையால் ஜெசீகாவின் வாயைப் பொத்தியபடி மறுகையால் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது.

"இந்த நேரத்தில புத்தகமா டீச்சர்?"

"ஆட்டத்துலதானே மாட்டினோம்? ஆட்டத்துலதான் வழி இருக்கணும். இந்தா, முதல் அத்தியாயம். 'கதை நடத்துபவர் எந்த நேரத்திலும் ஆட்டத்தை நிறுத்தலாம். நிறுத்தியதும் எல்லாரும் விடுபடுவார்கள்.' நிறுத்துங்க நல்லையா!"

"ஆட்டம் முடிஞ்சுது!" என்று கத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கறுத்திருந்த திரை தானாக விழித்தது. அதே பக்கம். அதே அத்தியாயம். அந்த இரண்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளி, பிடுங்கிய பல்லின் குழி மாதிரி.

கரகரத்த குரல் பொறுமையாகச் சொன்னது.

"அது திருத்தியாச்சு."

எங்கள் சட்டம். டெப் சொன்னதுதான் சரி. நாங்களே போட்டுக் கையில் கொடுத்த சட்டம்.

துவாய் கட்டிய தலை மரங்களை நெருங்கிவிட்டது.

டீச்சர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்தது அவருக்கும் புரிந்துவிட்டது. இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். "சட்டம் மாறுது. இனிமே அச்சுதான் சரி."

குரல் ஏதோ சொல்ல வந்தது. டீச்சர் விடவில்லை. அந்தப் பெரிய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, பின்வரிசை மாணவனுக்கும் கேட்க வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அச்சில் ஏறியது ஏறியதுதான். யாராலும் அழிக்க முடியவில்லை.

நான் வாசலில் நின்று, என் நுரையீரலில் இருந்ததையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"வேல விட்டாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

மலை மூச்சு விட்டது.

வேறு எப்படிச் சொல்வது? மேலிருந்து கீழே ஒரு பெருமூச்சு இறங்கியது. அதன் பின்னால் காலடிகள். வெறுங்கால்கள், ஈர மண்ணில். எங்களைக் கடந்து, படியைக் கடந்து, களத்தைக் கடந்து, எல்லாம் கீழ்நோக்கிப் போயின. ஒரு கிழவியின் இருமல் என் காதருகே போனது. யாரோ ஒரு பெண் அழுதாள், அல்லது சிரித்தாள். பங்களாவுக்குள் சொட்டும் சத்தம் நின்றது.

கடைசியாகப் பனியிலிருந்து றுஷாந்தன் வந்து விழுந்தான்.

ஜெசீகா அவனை மடியில் போட்டு அறைந்தாள். ஒரு அறை, இன்னொரு அறை, பிறகு முத்தம். அவன் கண்ணைத் திறந்தான்.

"பிளாஸ்க் எங்க?" என்று கேட்டான்.

வேனுக்குப் போன ஞாபகம் மட்டும் அவனுக்கு இருந்தது. நாங்கள் சாமான்களைக்கூட முழுதாக எடுக்கவில்லை. டெப் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதுளை டவுன் விளக்குகளைப் பார்க்கும்வரை ஒருவரும் ஒரு பேரையும் உச்சரிக்கவில்லை. "ஏய்", "இந்தா" என்றே ஓட்டினோம்.

அதன் பிறகு நான் இதைச் சொல்லாத தேத்தண்ணிக் கடை பதுளையில் இல்லை. ஒவ்வொரு கடையிலும் நிழல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. காலகாலமாக மலையில் நின்றவர்களை ஒரே சத்தத்தில் விடுதலை செய்த கார்ட் நான் என்று மார்தட்டினேன். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரையும் அனுப்பிட்டீங்க, சரி. கங்காணி போனாரா?"

"போயிருப்பார் டீச்சர்."

"ஆளெல்லாம் போயிருச்சு. அவருக்கு இனி வேலைக்கு யாரு?"

நான் வடையைக் கடித்தேன்.

இன்று காலை ஜெசீகா எனக்குப் போன் பண்ணினாள். சத்தம் வராமல் பேசினாள், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"அங்கிள், அவருக்குத் தினமும் விடியக்குள்ள விரலெல்லாம் கறுத்திருக்கு. கொழுந்துக் கறை. ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறேன். போயிருது. அடுத்த நாள் புதுசா இருக்கு. கதவு உள்ளுக்குப் பூட்டினபடிதான் இருக்கு. காலெல்லாம் சேறு."

அவர்கள் வீடு டவுன் நடுவில், கடைக்கு மேல் மாடியில். சுற்றிலும் ஒரு தேயிலைச் செடி கிடையாது.

"எப்ப இருந்தும்மா?"

"வந்த நாள்ல இருந்து. உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். கதையாக்கிடுவீங்களாம்."

 

"இப்ப ஏம்மா சொல்ற?"

மறுமுனையில் குழாய் திறந்தது. அவள் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் தேய்த்தாள்.

"இன்னைக்கு என் விரலும் கறுத்திருக்கு அங்கிள்."