குருத்து இருக்கும்வரை

காற்று என்ற பேச்சே இல்லாத ஒரு சாயங்காலத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு காய் விழுந்தது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த இசில்டா அப்படியே நிமிர்ந்தாள். விழுந்தது குரும்பையாக இருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். மழை பொய்த்த அந்த வருடத்தில் குரும்பை உதிர்வது அன்றாடக் கதை. தகரக் கூரையில் டொக்கென்று விழும், உருளும், முற்றத்தில் கிடந்து காயும். தாகமெடுத்த தென்னை அப்படித்தான் செய்யும். சுமக்க முடியாத பிஞ்சுகளைக் கைகழுவிவிட்டு, அடிமட்டைகளைத் தண்டோடு தொங்கப் போட்டுவிட்டு, குருத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஆனால் இப்போது கேட்டது கனமான சத்தம். அடங்கிய, ஈரமான ஒரு ‘தொம்’.

போய்ப் பார்த்தாள். இளநீர் நிறைந்த பச்சைக் காய். எலி கடித்த தடம் இல்லை. காம்பு இருந்த இடம் மட்டும் கருத்து, நீர் கோத்து, தொட்டால் அமுங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காயைப் பாவாடை மடிப்பில் மறைத்து உள்ளே கொண்டுபோனாள்.

மேற்கேயிருந்து கடலோரமாகவே ஊர் ஊராக நடந்து வந்துகொண்டிருந்தது மஞ்சள் நோய். வறட்சி பிஞ்சைத்தான் கேட்கும். இது பிஞ்சு, காய், நெற்று என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்கும். பிறகு பாளை விரியும்போதே கருகியிருக்கும். அடிமட்டையில் தொடங்கி மஞ்சள் மேலே ஏறும். கடைசியில் கொண்டை மொத்தமும் கழன்று விழுந்து, தந்திக் கம்பம் மாதிரி மொட்டைத் தண்டு மட்டும் நிற்கும். பக்கத்து ஊர்க் கரையில் அப்படிக் கம்பங்களாகவே நின்றன. மருந்து கிடையாது.

மற்ற மரம் எது போனாலும் இசில்டா தாங்கியிருப்பாள். இது அவள் மகன் எவர்ட்டனின் மரம். அவன் பிறந்து தொப்புள்கொடி உலர்ந்து விழுந்த அன்று, அதைக் குழியில் வைத்து, அதன் மேல் முளைவிட்ட தேங்காயை நட்டவள் அவளேதான். அந்தக் கரையில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு மரம் உண்டு. மரம் நிற்கும்வரை ஆள் நிற்பான் என்பது அங்கே யாரும் வாதாடாத பேச்சு.

எவர்ட்டன் கிறிஸ்துமஸை ஒட்டி வாடைக்காற்று வீசிய சமயத்தில் மீன்பிடிக்கப் படகில் போனவன். படகின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அவள் கணவன் லசெல்ஸ் அழுது முடித்துவிட்டு, ஒன்பது ராத்திரி வைத்துவிடலாம் என்றான்: ஊர் கூடிப் பாடி, ரம் ஊற்றி, டொமினோ ஆடி விழித்திருந்து, கடைசி இரவில் செத்தவனின் கட்டிலை இடம் மாற்றிப் போடுவார்கள். திரும்பி வந்தால் தன் அறை அவனுக்கு அடையாளம் தெரியக் கூடாது.

“பின்னால போய் அவன் மரத்தைப் பாரு, பச்சைப்பசேல்னு நிக்குது,” என்றாள் இசில்டா. “உசுரோட இருக்கிறவனுக்கு எவனாவது ஒன்பது ராத்திரி பாடுவானா?”

பாட்டும் இல்லை, ரம்மும் இல்லை. கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏதோ கப்பல் அவனைத் தூக்கிப் போயிருக்கும், கியூபாவில் இருப்பான், கடிதம் எழுதச் சோம்பேறி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற மனம் பித்துதான். ஆனால் பித்துக்கும் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டுமே. அவளுக்கு அந்த மரம் இருந்தது.

அதனால்தான் ஒளித்தாள். லசெல்ஸ் எழுவதற்கு முன்பே பின்பக்கம் போய், இருட்டோடு இருட்டாக விழுந்த காய்களைப் பொறுக்கி, எவர்ட்டனின் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். தண்ணீர் லாரி வரும் நாளில் தன் பங்கை முழுக்கத் தூரில் கொண்டுபோய் ஊற்றினாள். பிறகு லசெல்ஸ் குளிக்க வைத்திருந்ததையும் ஊற்றினாள். லாரி வரிசையில் பக்கத்து வீட்டு ஐனிஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “என்ன மிஸ் இசி, வீட்ல மரம் மட்டுந்தான் குளிக்குதா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இசில்டாவும் சிரித்துவைத்தாள். குடத்தை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

ஒருநாள் தாகம் தாளாமல் கட்டிலடியிலிருந்து ஒரு காயை எடுத்துச் சீவி வாயில் ஊற்றினாள். உப்பு. கடல்நீரேதான், அடியில் சேற்று வாடையும் மீன் வாடையும் இருந்தன. துப்பினாள். வறட்சியில் இளநீர் கரித்துப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படி யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் பின்படியில் ஈரம் தென்பட்டது. ஊரே வாய் பிளந்து கிடக்கிற வறட்சியில், அந்தப் படியில் மட்டும் சாயங்காலந்தோறும் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். எவர்ட்டன் கடலிலிருந்து வந்ததும் உட்காரும் படி அது. பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பாமலேயே இரண்டு கையையும் குவித்து நீட்டுவான். டம்ளரில் கொடுத்தால் வேண்டாம் என்பான். அவள் செம்பிலிருந்து ஊற்ற வேண்டும். வளர்ந்த தடியன், மீசை வைத்தவன், அம்மா கையால் ஊற்றினால்தான் தாகம் அடங்கும் என்பான். இசில்டா அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அவள் பயப்படவில்லை. அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள், அதுதான் கொடுமை.

மஞ்சள் நிற்கவில்லை. பாளை கருகி விரிந்தது. அடிமட்டைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துத் தொங்கின. உள்ளே கட்டிலடிக் காய்களிலிருந்து புளித்த வாடை எழுந்து, துணியில், பாயில், சுட்ட சீமைப்பலா வைத்த தட்டில்கூட ஏறியது. விடிகாலையில் எவர்ட்டனின் தலையணை நனைந்திருந்தது. அவள் உறையை மாற்றிப் போட்டாள். மறுநாளும் நனைந்திருந்தது.

ஒரு மத்தியானம் லசெல்ஸ் மரம் வெட்டுகிறவர்களைக் கூட்டிவந்தான். இசில்டா ஓடிப்போய்த் தண்டைக் கட்டிக்கொண்டாள்.

“இசி, ஊர்ல நோய் விழுந்த மரத்துல இன்னும் நிக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் எப்பவோ செத்திருக்கணும். நீதான் சாகவிடாம வச்சிருக்க.”

“மேல பாரு. குருத்து பச்சையா இருக்கு. குருத்து இருக்கிற வரைக்கும் மரத்துக்கு உசுரு இருக்கு.”

“சரி, இருக்கு.” லசெல்ஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். “உன் பேச்சுப்படியே வச்சுக்குவோம். இத்தனை மாசமா அவன் உசுரோட இருக்கான். எங்க இருக்கான் இசி? படகு அங்க முழுகிச்சு. அந்தத் தண்ணிக்கு அடியில அவன் சாகாம கிடந்தா, அது அவனுக்கு என்னன்னு நினைச்சியா? விட்டுடும்மா. புள்ளைய விட்டுடு.”

அவள் விடவில்லை. வெட்ட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கோடரிகளோடு போய்விட்டார்கள். லசெல்ஸ் மாற்றுச் சட்டை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தான். கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தான், அவள் கூப்பிடவில்லை.

அவன் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அடுப்படியில் நின்றாலும், அறையில் உட்கார்ந்தாலும் அது கூடவே வந்தது. வெளிச்சம் போகாத ஆழம். வாய் நிறைய, கண் நிறைய உப்புத் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. சாகவும் வழியில்லை, ஏனென்றால் கரையில் ஒருத்தி விடியலுக்கு முன் எழுந்து, குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். ஐயோ, என் கையாலா. இந்தக் கையாலா.

பொழுது சாய்கிற நேரத்தில் பின்பக்கம் ஏதோ முறிந்தது. மட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரவென்று சரிகிற நீண்ட சத்தம், தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு மோதல், பிறகு தரையே அதிர ஒரு விழுகை. அதன்பின் நிசப்தம். பூச்சிகூடக் கத்தவில்லை.

கொண்டை மொத்தமாகக் கீழே கிடந்தது. நடுவில் குருத்து, இன்னும் வெளிர்பச்சையாக, ஆனால் அடியில் கூழாக அழுகி, அழுகல் மீனின் வாடையோடு. மேலே, சிவந்த வானத்தில், மொட்டைத் தண்டு. தலை போன தென்னை பிழைக்காது. அதற்கு உயிர் ஒரே இடத்தில்தான்.

“போயிட்டியா ராசா,” என்றாள் இசில்டா. “போ. நல்லா போ. அம்மா விட்டுட்டேன்.”

நெஞ்சு கிழிந்தது. ஆனால் அந்தக் கிழிசலுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. பிள்ளைக்கு இனித் தாகம் இல்லை. நாளைக்கே லசெல்ஸைக் கூப்பிட்டு ஒன்பது ராத்திரி வைக்க வேண்டும். கட்டிலை மட்டும் இப்போதே திருப்பிப் போட்டுவிடலாம். அதை அவளேதான் செய்ய வேண்டும்.

விளக்கோடு அறைக்குள் போனாள். கட்டிலைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. முழங்காலால் முட்டினாள். தோளைக் கொடுத்தாள். தரையோடு அறைந்து வைத்த மாதிரி இருந்தது.

குனிந்து விளக்கை நீட்டினாள்.

காய்கள் முளைத்திருந்தன. காம்பு கருத்த, முற்றாத, முளைக்கவே முடியாத காய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளையாக ஒரு குருத்து. வேர்கள் கட்டில் கால்களைச் சுற்றியிருந்தன. பலகை இடுக்குகளைப் பிளந்துகொண்டு கீழே இறங்கியிருந்தன. மண்ணுக்குள். அவள் ஊற்றிய ஈரத்துக்குள்.

பிடுங்கினாள். நகம் பிய்ந்தது. வேர் அறுபடவில்லை.

பின்படியில் ஒரு சத்தம்.

பூட்ஸ். கழற்றிப் போட்ட ஒரு பூட்ஸ்.

பிறகு இன்னொன்று.

அவள் எழுந்தாள். கால்கள் தாமாக நடந்தன. கதவு திறந்துதான் கிடந்தது. கடைசி வெளிச்சத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அகன்ற தோள்கள். அவளுக்குத் தெரியாத தோள்களா? அதற்கு மேலே காலர். காலருக்கு மேலே சிவந்த வானம். மொட்டைத் தண்டு.

வேறொன்றும் இல்லை.

உடம்பு திரும்பாமலேயே இரண்டு கைகளும் பின்னால் நீண்டன. குவிந்தன. காத்திருந்தன.

இசில்டா செம்பை எடுத்தாள். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீர். ஊற்றினாள். கைகள் நிறைந்தன. மெல்ல, சிந்தாமல், மேலே உயர்ந்தன. காலர்வரை போயின. அங்கே நின்றன. இப்படியும் அப்படியும் தேடின. தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து, சட்டையை நனைத்து, படியில் இறங்கியது.

கைகள் மறுபடி நீண்டன.