நரியின் இரண்டாவது கண்

நரிக்கு எப்போதும் ஒரு கண்தான் தெரியும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எட்டு மாதங்களாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பொம்மைப் படத்தில், குளக்கரையில் வரிசையாக அமர்ந்திருக்கும் வாத்துக்குஞ்சுகளுக்குப் பின்னால், இடமிருந்து வலமாக, பக்கவாட்டில் மட்டுமே அது நடந்து போகும். அதன் மூக்கு நுனியையும் ஒற்றைக் காதையும் மஞ்சள் கண்ணையும் கலைச்செல்வி மனப்பாடமாக அறிவாள். அந்தத் திங்கட்கிழமை, பால் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது, நரியின் மூக்குக்கு அப்பால் மஞ்சளாக ஒரு கீற்றுத் தெரிந்தது. வெட்டிப்போட்ட நகத்துண்டின் அளவுதான் இருக்கும். இன்னொரு கண்ணின் ஓரம்.

பெட்டி பழையது, நிறம் கசிகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

பெல்மதுளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதே கலைச்செல்வியின் வேலை. அவள் அதை ஒழுங்காகச் செய்தாள், பகல் ஒன்றரை மணி வரையில். அதன் பிறகு கதவை வெளியே கொக்கியிட்டுவிட்டு, தோட்டத்தின் எல்லையைக் கடந்து, சிங்களக் கிராமத்தில் மாத்தயா என்று அழைக்கப்படும் பெரியவர் ஒருவரின் சிறிய தேயிலைக் காணியில் ஒரு மணி நேரம் கூலிக்குக் கொழுந்து பறித்துவிட்டு வருவாள். எட்டு மாதங்களாக எவருக்கும் தெரியாமல் இது நடந்து வந்தது. தெரியாமலிருந்ததற்குக் காரணம் நரி.

முதல் நாளே அவள் பிள்ளைகளை வரிசையாகச் சம்மணமிட்டு உட்காரவைத்து, உள்ளங்கைகளை முழங்காலில் வைக்கச் சொல்லி, மெல்லிய குரலில் ஒரு கதை சொன்னாள். நரி எண்ணிக்கொண்டே போகிறது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அது எண்ணாது. எழும்பி நிற்கிற பிள்ளையைத்தான் எண்ணும். எண்ணிய பிள்ளை அதனோடு குளத்துக்குப் போய்விடும்.

"அவசரத்துக்கு வந்தா, டீச்சர்?" என்று கேட்டாள் லோஜினி. நான்கு வயது, ஒன்பது பேரிலும் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

"நரி போனப்புறம் போகலாம்."

"நரி எப்ப போகும்?"

கலைச்செல்வி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும், பிள்ளைகளுக்கு அடியில் தேங்கியிருந்த ஈரத்தைத் தாய்மார் வருமுன் துடைத்தாள். முழந்தாளிட்டுத் துடைக்கும்போது அந்தச் சின்ன முகங்களை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் பெல்மதுளைக்குப் போய், அந்தப் படத்தை ஏற்றிக்கொடுத்த ஜவ்பர் நானாவின் கடைப்படியில் ஏறினாள். திறந்து கிடந்த வானொலிப் பெட்டியொன்றிலிருந்து ஈயம் உருகும் நெடி வந்துகொண்டிருந்தது. வேறு படம் வேண்டும் என்றாள்.

"நல்லதாப் போச்சு. அந்த நரிப் படத்த அழிச்சிருங்க தங்கச்சி. வாட்ஸ்அப்ல கத வருதே, கேக்கலியா?"

"என்னா கத, நானா?"

"எழும்புற புள்ளய நரி எண்ணுமாம். கலவானப் பக்கம் ஒரு புள்ள சோறு திங்கவே எழும்பலயாம். எங்கூட்டுச் சின்னவ றுகையா டீவிய சீலயால மூடி வச்சிருக்கா. சோத்துக்கு மட்டும் சரியா எழும்பிர்றா, அது வேற விசயம்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். தன் வாயிலிருந்து பிறந்த பொய் மலை மலையாய்ச் சுற்றிவிட்டு, பிறர் வீட்டுச் சோறு தின்று கொழுத்து, தன் முன்னால் வந்து நிற்பதாக அவளுக்குப் பட்டது.

"அது எல்லா நேரமும் திரும்பாதாம்," என்றார் நானா, ஈயக்கம்பியைச் சுருட்டியபடி. "புள்ளைகளப் பாக்குற பொம்பள களவா வெளிய போற நேரம் பாத்துத்தான் மொகத்தத் திருப்புமாம். ஒரேயடியா இல்ல. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா."

இதை அவள் சொல்லியிருக்கவில்லை. இதைச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

"யாரு நானா இப்பிடியெல்லாம் கட்டிவிடுறது?"

"வேலயத்த யாராச்சும்தான்."

குரல் நடுங்காமல் கேட்டுவிட்டதற்காகவும் அவள் வழியெல்லாம் வெட்கப்பட்டாள்.

புதன்கிழமை முயல்கள் துள்ளும் புதிய படத்தைப் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளைகள் அறை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தார்கள்; பால்மாவு கொட்டிக் கிடந்தது; ஒருவனுக்கு நெற்றி வீங்கியிருந்தது. அந்த வீக்கத்துக்கு அவன் தாயிடம் அவள் ஒரு காரணம் சொன்னாள். அதுவும் பொய். வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு மீண்டும் நரியைப் போட்டாள். ஒன்பது பேரும் சொல்லாமலே வரிசையாக உட்கார்ந்து, உள்ளங்கைகளை முழங்காலில் வைத்தார்கள். நரியின் இரண்டாவது கண் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டும் கதவுக்குக் கொக்கி போட்டாள்.

மூன்று நாட்களாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்று பகலையே மாலையாக்கியிருந்தது. ஈரத் தேயிலையின் கசந்த வாசனையும் மண்ணின் பச்சை வாடையும் மூச்சில் ஏற, அட்டைகளைக் காலிலிருந்து தட்டிவிட்டபடி அவள் அவசர அவசரமாகப் பறித்துக்கொண்டிருந்தாள். மாத்தயாவின் வீட்டிலிருந்து வந்த வானொலிப் பாட்டு நடுவரியில் நின்றது. கரண்ட் போய்விட்டது. அவர் வாசலுக்கு வந்து, மேலே தோட்டத்து மலையை அண்ணாந்து பார்த்தார். நீரோடை சிவந்து, கூழாகி ஓடிக்கொண்டிருந்தது.

"நங்கி, கெதர யன்ன," என்றார். தங்கச்சி, வீட்டுக்குப் போ. அவர் குரலில் சிரிப்பில்லை.

அப்போதுதான் மேலிருந்து அந்த ஒலி வந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்கும் இரும்புத் துண்டை யாரோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மண்சரிவு அபாயமென்றால் அப்படித்தான் அடிப்பார்கள். கேட்டவுடன் எழுந்து ஓடவேண்டும் என்று பிள்ளைகளுக்கும் பழக்கியிருந்தார்கள்.

கூடையை எறிந்துவிட்டு ஓடினாள். படிகளில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னாலிருந்த மண்மேடு வயிறு புடைத்தாற்போலத் தெரிந்தது. உள்ளிருந்து ஒரு குரலும் இல்லை. ஓர் அழுகையும் இல்லை.

கொக்கியை எடுத்தாள்.

உள்ளே நீல வெளிச்சம். கரண்ட் இல்லை, விளக்குகள் எரியவில்லை, பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுக்குச் சேறு. சேற்றில் ஒன்பது முதுகுகள்.

"எழும்புங்க. ஓடுங்க."

ஒரு தலையும் திரும்பவில்லை.

"லோஜினி, எழும்பும்மா."

"நரி இன்னும் போகல, டீச்சர்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வாரி இடுப்பில் வைத்தாள். மடித்த கால் நீளவில்லை. முழங்காலிலிருந்த கை அவள் கழுத்தைப் பிடிக்கவில்லை. வெளியே வேலுசாமிக் கங்காணி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கினார்கள். மூன்று நடை. மடுவத்தில் இறக்கினார்கள். கடைசி நடைக்குப் பின்னால் மலை ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான் சத்தம். பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

"ஒம்பது," என்று எண்ணினார் கங்காணி. "எல்லாம் இருக்கு. முருகா." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்க்கப் போனார்.

தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். லோஜினியின் தாய் விஜயகலா கலைச்செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"நீங்க பக்கத்துலயே இருந்ததாலதான் டீச்சர். இல்லாட்டி எம்புள்ள மண்ணுக்குள்ள."

கலைச்செல்வியின் முகம் எரிந்தது. அவள் கையில் கொழுந்துக்கறை பச்சையாக இருந்தது. அதைச் சேலைக்குள் மறைத்தாள்.

பிள்ளைகளை எவரும் வரிசையாக இறக்கவில்லை. ஆனால் அவர்கள் வரிசையாக இருந்தார்கள். மடுவத்தின் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடி, சம்மணமிட்டு, உள்ளங்கைகளை முழங்காலில் வைத்து. தாய்மார் பக்கத்தில் அமர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கன்னத்தைத் தட்டினார்கள், மார்போடு அணைத்தார்கள். விட்டதும் முகம் மீண்டும் சுவருக்குத் திரும்பியது. விஜயகலா மகளின் இமைகளைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒங்க பேச்சுன்னா கேப்பா. ஒருக்கா எழும்பச் சொல்லுங்க டீச்சர்."

"நரி போயிருச்சு," என்றாள் கலைச்செல்வி, பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும்படி. "எழும்புங்க."

உள்ளங்கைகள் முழங்காலிலேயே இருந்தன.

இனி ஒன்றுதான் மிச்சம். பொய்யைப் பொய்யென்று உரக்கச் சொன்னால் அது பிள்ளைகளை விட்டுவிடும் என்று அவள் நம்பினாள். தாய்மாரின் முகங்களைப் பார்த்தாள். சொன்னாள்.

"நரி எண்ணாது. அது நான் கட்டுன பொய். நான் தெனமும் புள்ளைகள உள்ள வச்சுப் பூட்டிட்டு வெளிய போனேன். இன்னைக்கும் நான் அங்க இருக்கல."

எவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தாய்மார் தத்தம் பிள்ளைகளை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் அமர்ந்தபடியே அவளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் பார்க்கவில்லை.

"டீச்சர்." லோஜினியின் குரல். முகம் சுவரில். "நீங்க மட்டுந்தான் நிக்கிறீங்க."

கலைச்செல்வி சுற்றிலும் பார்த்தாள். உண்மைதான்.

"அது இப்ப ஒங்களத்தான் பாக்குது."

முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. வரிசையின் முடிவில், பத்தாவதாக, அவள் சம்மணமிட்டாள். உள்ளங்கைகளை முழங்காலில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

சுவரில் ஈரம் படர்ந்திருந்தது. இடப்பக்கமிருந்து. மூக்கு நுனி. ஒரு காது. மறுகாது. மஞ்சளாக இரண்டு கண்கள், முழுதாக, நேராக. அது நடக்கவில்லை. நின்றிருந்தது.

முதுகுக்குப் பின்னால் சேலை சரசரத்தது. விஜயகலா எழுந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லவேண்டும். உட்காரு என்று ஒரு சொல். உதடுகள் அசையவில்லை. இனி எந்த முகத்தோடு அவளைத் தடுப்பது.

சுவரில் அந்தக் கண்கள் மெல்ல, மிக மெல்ல, எழுந்து நிற்பவளை நோக்கி மேலே உயர்ந்தன.