ஆளுக்கொரு கெட்டிமேளம்

இசக்கியம்மாளுக்கு இரண்டு காதும் புண். காற்றாலை இறக்கை கழுவுகிறவர்களுக்கு வருகிற புண்தான். முந்தாநாள் வரைக்கும் கயிற்றில் தொங்கி வேலை பார்த்ததில் தலைக்கவசத்தின் வார் காதுமடலை அறுத்து வைத்திருந்தது. தோடு போடவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த மண்டபத்தில் தனிச்செவி மாட்டாத ஒரே ஆள் மணப்பெண்தான்.

தனிச்செவி புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். காதுமடலில் ஒட்டிக்கொண்டு, மாட்டியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, அந்த மனசுக்கு அந்த நேரம் என்ன இசை வேண்டுமோ அதைத் தானே கட்டி வாசிக்கும். ஒருவர் கேட்பது அடுத்தவருக்குக் கேட்காது. பஸ்ஸில் பாட்டு வைப்பதற்காக நடந்த சண்டையெல்லாம் ஒழிந்து வருஷக்கணக்காகிவிட்டது.

இந்தக் கல்யாணமும் அதனால்தான் பிழைத்தது. "நாயனம் ஊதாம எம்மக கழுத்துல தாலி ஏறாது" என்றார் பெண்ணின் அப்பா பலவேசம். "பேண்டு செட்டு இல்லன்னா எந்தம்பி மணையில உக்கார மாட்டான்" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா ஆவுடைத்தாய். தாயில்லாத தம்பியைச் சித்தாள் வேலை பார்த்து வளர்த்தவள். இரண்டையும் வைத்துவிடலாம் என்றதற்கு, எது முந்தி என்று அடுத்த சண்டை. கல்யாணப் பேச்சே முறிகிற நிலையில் மாப்பிள்ளை சங்கரபாண்டி சொன்னான்: "ஒண்ணுமே வைக்க வேண்டாம். அவங்கவங்க தனிச்செவியில அவங்கவங்களுக்குப் பிடிச்சதக் கேட்டுக்கிடட்டும்."

எல்லோருக்கும் நிம்மதி. இசக்கியம்மாளுக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தல். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆவுடைத்தாய் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி ஒரே வீட்டில் பொங்கித் தின்ன வேண்டியவர்கள். தாலியில் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மூன்றாவது நாத்தனார் போட வேண்டியது. அந்த ஒன்றை ஆவுடைத்தாய் மதினி மனசோடு போட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மணையில் உட்கார்ந்தவளுக்கு மின்விசிறி கறகறப்பதும், சமையல்கட்டில் அண்டா உருளுவதும்தான் கேட்டன. எதிரே ஜனம் மொத்தமும் ஆளுக்கொரு தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் குனிந்தபோது, பொத்தென்று பின்மண்டையில் ஒரு கை அட்சதை விழுந்தது.

திரும்பினால் அப்பா. கண்ணெல்லாம் தண்ணி.

"ஐயா, இன்னும் கட்டவே இல்ல!"

"அடிச்சிட்டாம்மா கெட்டிமேளம்! நாயனம் என்னமா ஊதுதான்!" என்றார் பலவேசம், ஊருக்கே கேட்கிற சத்தத்தில்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது படம் எடுக்கிறவர்களின் முதுகைத்தான். இப்போது கட்டுகிறார்கள், போடு அட்சதையை என்று சொல்வது மேளம். தனிச்செவியோ, மாட்டியவரின் நெஞ்சு எப்போது நிறைகிறதோ அப்போதுதான் கெட்டிமேளம் கொட்டும்.

நிறைந்தது, ஆளாளுக்கு ஒரு நேரத்தில். லட்டுத் தட்டு தாண்டிப் போனதும் மாப்பிள்ளைத் தோழன் எறிந்தான். பக்கத்துப் பெண்ணின் சேலை தன் சேலையைவிட மட்டம் என்று கண்டுபிடித்த கணத்தில் அத்தை எறிந்தாள். நல்ல நேரம் வந்ததும் பூசாரி கையை உயர்த்தி "கெட்டிமேளம்!" என்று கத்தினார். கேட்டது மணப்பெண்ணுக்கு மட்டும்.

அந்தக் கையைப் பார்த்துச் சங்கரபாண்டி தாலியை எடுத்தான். உதட்டைக் காதருகே கொண்டுவந்தான். "உனக்கு என்ன கேக்கு?"

"அண்டா உருளுது. உங்களுக்கு அடிச்சிட்டா?" என்று சைகையும் சேர்த்துக் கேட்டாள்.

"நீ படியேறும்போதே அடிச்சிட்டு." சொல்லிக்கொண்டே இரண்டு முடிச்சுப் போட்டான்.

மூன்றாவது வரவில்லை. ஆவுடைத்தாய் பின்னால்தான் நின்றாள், அட்சதைக் கையை இறுக்கி மூடிக்கொண்டு.

"மதினி, முடிச்சு" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள் இசக்கியம்மாள்.

"கொஞ்சம் பொறு. எனக்கு இன்னும் அடிக்கல."

"அப்ப என்னதான் வாசிக்கு?" என்று காதைத் தொட்டுச் சைகையில் கேட்டாள்.

"தாலாட்டு" என்று மூக்கை உறிஞ்சினாள் ஆவுடைத்தாய். "காலையிலருந்து தாலாட்டுத்தான்."

தம்பியைத் தோளைவிட்டு இறக்க இன்னும் மனசு வரவில்லை அவளுக்கு. அதற்குள் பந்திக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டம் மணமக்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது.

பந்தியில் ஆவுடைத்தாய்க்கு இசக்கியம்மாளின் பக்கத்து இலை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். சாம்பார் ஊற்றிப் பிசைந்து முதல் கவளம் உள்ளே போனதுதான் தாமதம், அதுவரை இறுக்கியிருந்த இடது கை விரிந்து, அட்சதை முழுக்க மணப்பெண்ணின் இலையில் விழுந்தது.

"அடிச்சிட்டுட்டி!" என்று கத்தினாள். "பேண்டு செட்டோட!"

வரிசையே சிரித்தது. இசக்கியம்மாளுக்குப் புரையேறிவிட்டது. அட்சதையை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தாலிக்கயிற்றைப் பின்கழுத்தில் தூக்கிக் காட்டினாள். "அப்ப இப்பவே போடுங்க மதினி."

ஆவுடைத்தாய் தனிச்செவியைப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டு, முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இது சோத்துக்கு அடிச்ச மேளம்ட்டி. இதுக்குப் போட்டா உனக்கு மரியாத இல்ல. உனக்குன்னு ஒருநா அடிக்கும். அன்னைக்கு வந்து போடுதேன்."

"அது எப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல சாப்பிடு, அப்பளம் நமுத்துப்போவும்" என்று தன் இலையிலிருந்த லட்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

ஆவுடைத்தாய் இசக்கியம்மாளுக்கு இன்னும் ஒரு முடிச்சு பாக்கி.