நடுவில் நிற்க வேண்டிய குரல்

இசைத்தட்டில் பாடும் பாடகியின் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, அங்கே ஓர் ஆள் நிற்பது போல நிற்க வேண்டும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அது இடப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தது.

கியெம் வயர்களை மாற்றிப் பார்த்தான். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தான். குரல் இடப்பக்கமே சாய்ந்தது. அப்படியானால் கோளாறு அறையில். சைகோன் வீடுகளுக்கே உரிய, ரயில் பெட்டி போல நீண்டு குறுகிய அறை. இடச்சுவரருகே கை தட்டினான். ஓசை கணீரென்று திரும்பியது. வலச்சுவரருகே தட்டினான். யாரோ மடியில் வாங்கிக்கொண்டது போல அடங்கிப்போனது.

அங்கே எதுவும் இல்லை.

முதல் மனைவி லுவா உயிரோடிருந்தபோது அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து, அவன் வலத்தோளில் தலை சாய்த்துப் பாட்டுக் கேட்பாள். "தனியாப் போக மாட்டேன். உங்களையும் கூட்டிட்டுப் போக வருவேன்" என்று அவள் ஆஸ்பத்திரியில் சொன்னதை, இரண்டாம் மனைவி ஹன்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஹன்தான் லுவாவின் படத்தை மாடிக்கு ஏற்றினாள்.

"தினம் சோறும் ஊதுபத்தியும் மேலயே வெச்சிடறேன். அக்கா கீழ இறங்க மாட்டாங்க. நீங்க நிம்மதியாக் கேளுங்க."

அந்த வாக்கை நம்பித்தான் அவனால் இந்த நாற்காலியில் கண் மூடி உட்கார முடிந்தது.

"ஹன், கண்ணாடியை எடுத்துட்டு வா. வலச் சுவத்துல வெச்சு மெதுவா நகத்து. எந்த இடத்துல எனக்கு ஸ்பீக்கர் தெரியுதோ, அங்கதான் சத்தம் பட்டுத் திரும்புது."

"உங்க காதுக்கு ஒரு கோயில் கட்டணும்." சிரித்துக்கொண்டே வந்தாள்.

தகரக் கூரையில் மழை இரைந்தது. தெருவில் மோட்டார் சைக்கிள்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. ஈரச் சுண்ணாம்பின் வாடைக்கு அடியில், இங்கே இருக்கக்கூடாத ஊதுபத்தி வாசனை மெல்லக் கசிந்தது. கண்ணாடி சுவரை உரசி நகர்ந்தது. திரைச்சீலை. ஜன்னல். அடுத்து ஸ்பீக்கர் தெரிய வேண்டும்.

வரவில்லை. கறுப்பாக ஏதோ மறைத்தது.

தலைமுடி.

திரும்பிப் பார்த்தான். வெறும் தரை. நாற்காலியின் காலருகே ஒரு கிண்ணம். சோற்றில், இறந்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும் செய்வது போல, செங்குத்தாகக் குத்திய இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். ஆவி பறந்தது.

"மேலதானே வெச்சே?"

"மொதல்ல மேலதாங்க வெச்சேன்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "தூங்கினா என் நெஞ்சு மேல ஏறி உக்காந்தாங்க. என்னதான் வேணும்னு கேட்டேன். சொன்னாங்க."

எழ முயன்றான். வலத்தோள் கனத்தது.

ஹன் கண்ணாடியைச் சற்றே சாய்த்தாள். அவனுக்காக அல்ல.

"இப்ப நல்லாத் தெரியறாராக்கா?"

கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். செருப்பை மாட்டினாள். ஷட்டர் இறங்கியது. வெளியே பூட்டு.

இசைத்தட்டு நின்றிருந்தது. மழையும்.

தோளின் கனம் இறங்கியது.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியாக நடுவே, அங்கே ஓர் ஆள் நிற்பது போல, ஒரு குரல் அவன் பெயரைச் சொன்னது.