கேட்பவர் எண் ஏழு

சனிக்கிழமை காலையில், கொட்டுகிற மழையில், அமெரிக்காவில் நம்மவர்கள் நிறைந்த ஐசலின் கடைத்தெருவில் ஒரு சாம்பல் நிற கேம்ரியைத் தேடுவது, கல்யாண மண்டப வாசலில் கறுப்புச் செருப்பைத் தேடுவது மாதிரி. எல்லார் வீட்டிலும் அதே கார்தான்!

டாஷ்போர்டில் குட்டிப் பிள்ளையார், பின் சீட்டில் அரிசி மூட்டை... தோழி கயலின் கார்தான் என்று முடிவு கட்டி, வெண்பா கதவைத் திறந்து கீரைக்கட்டோடு தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கிளம்புடி, தொப்பலா நனைஞ்சுட்டேன்..."

"எங்கீங்க கிளம்பணும்?"

ஆண் குரல்! திடுக்கிட்டுத் திரும்பினாள். மூக்குக் கண்ணாடிக்குள் இரண்டு பெரிய கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள். ஸ்பீக்கரில் ஒரு ராப் பாடகன், செத்துப்போன தன் நண்பர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினான்.

"சாரிங்க... கொஞ்சம் கெட்ட வார்த்தையெல்லாம் வரும்."

"ஏன் நிறுத்தினீங்க? போடுங்க!"

இறங்க வேண்டியவள் அதிகாரம் செய்தாள். என்ன செய்வது, பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயின் யுனிவர்சிட்டியில் அவளுடைய ஆராய்ச்சியே அதுதான்... கறுப்பின மக்களின் கவிதையிலும் ராப்பிலும் சாவும் கஷ்டமும். 'கல்யாண வயசுல இதான் கிடைச்சுதா?' என்று தெரிந்த ஆன்ட்டிகள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

"அடிமையா இருந்தப்போ செத்தவங்களைப் பேர்கூட எழுதாம புதைச்சாங்க. அதான் கவிதையிலயும் பாட்டுலயும் விடாம பேர் சொல்றாங்க. இப்ப ராப்லயும்..." மூச்சு விடாமல் சொன்னாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "ஆனா, என்னை அழ வச்சது இந்தப் பாட்டுத்தானுங்க."

அதற்குள் ஜன்னலில் டொக் டொக். குடையோடும் கொலைவெறியோடும் நிஜமான கயல் நின்றுகொண்டிருந்தாள்!

அடுத்த சனிக்கிழமை, அதே தெருவில், காபி. ராப் கேட்பவர்களைப் பேட்டி எடுப்பதும் ஆராய்ச்சியில் உண்டே, அதற்காக என்றுதான் சொல்லிக்கொண்டாள். பெயர் சபரிநாதன், ஊர் ஈரோடு, ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கின் கான்ட்ராக்ட் வேலை. போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பா தவறிட்டாருங்க. போனா, திரும்பி வர விசா கிடைக்காதுன்னு அம்மாவே வர வேண்டாம்னுட்டாங்க. கொள்ளி வச்சது சித்தப்பா பையன். நான் வீடியோ கால்ல பார்த்தேன். நெருப்பு வைக்கிற நேரத்துல சிக்னல் போயிருச்சு. அழுகையே வரலைங்க. மறுநாள் ஆபீஸ்ல மார்கஸ், தம்பியைத் துப்பாக்கிச் சூட்டுல பறிகொடுத்தவன், ஒண்ணும் பேசாம இந்தப் பாட்டை அனுப்பினான். பார்க்கிங்லயே உட்கார்ந்து அழுதேன்."

அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் துடித்தது மனசு. பிடிக்கவில்லை... ஏற்கெனவே கரைந்துவிட்ட சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பேட்டி ஒரு நாளில் முடிந்துவிட்டது. சனிக்கிழமைகள்தான் முடியவில்லை. "இன்னைக்காவது உங்க காரைக் கண்டுபிடிச்சீங்களா?" என்று அவன் சீண்டுவதும், அவள் முறைப்பதும், முறைத்துக்கொண்டே சிரிப்பதும்...

ஒரு நாள் எழுதி முடித்த அத்தியாயத்தைப் பெருமையோடு நீட்டினாள். அவன் தன்னைத் தேடி, பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

'கேட்பவர் எண் ஏழு. ஆண், வயது முப்பத்தொன்று. தந்தையை இழந்தவர்.'

"ஏழுங்கறது நானுங்களா?"

"பேர் போடக் கூடாதுங்க. ரிசர்ச்ல அது ரூல்."

"ரூல் இருக்கட்டும். இத்தனை நாள்ல எங்கப்பா பேர் என்னன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையேங்க..."

பதில் இல்லாதவர்களுக்குத்தான் கோபம் சட்டென்று வரும். "எல்லாத்தையும் பர்சனலா எடுத்துக்காதீங்க!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்... ஆனால் அவன் எழுந்து போய்விட்டான்.

மூன்று வாரம். அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ரோஷம்! அத்தியாயத்தைத் திருத்தலாம் என்று முதல் பக்கத்தைத் திறந்தாள். 'பெயரைச் சொல்வதுதான் இந்தப் பாடல்கள் செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.' அவளே எழுதியது! அவமானத்தில் முகம் சுட்டது. சீ, என்ன பெண் நான்... அவன் இனி வரவே மாட்டானோ? அந்தச் சனிக்கிழமைகள் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மழை. அதே கடைத்தெரு. இந்த முறை நம்பர் பிளேட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பான காருங்க."

"இல்ல. தெரிஞ்சுதான் ஏறினேன். உங்க அப்பா பேர் என்ன?"

அப்போதுதான் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நஞ்சுண்டன்." சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. "பஸ் டிரைவருங்க. நான் இஞ்சினியரிங் சேர்ந்தன்னைக்கு, பஸ்ல வந்த அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தாரு."

அவளும் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "ரூல் எல்லாம் உள்பக்கத்துக்குத்தாங்க. தீசிஸோட முதல் பக்கத்துல, சமர்ப்பணம்னு, யார் பேரை வேணும்னாலும் போடலாம். நஞ்சுண்டன் அவர்களுக்குன்னு போடறேன்..."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டா?"

வெண்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமனார்னு சொல்லலாமா...?"

மழை, கார், கடைத்தெரு எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. சபரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை எடுத்தான்.

"ஊர்ல இப்ப ராத்திரி மணி எட்டுதான். அம்மா முழிச்சுத்தான் இருப்பாங்க. வீடியோ கால் போடட்டுங்களா?"

"ஐயோ... இப்பவேவா? தலையெல்லாம் ஈரம்!"

"பரவால்லைங்க," என்றான் சபரி. "இன்னைக்கு சிக்னல் நல்லா இருக்கு."