பஸ் ஏறிப் போன கல்லூரிக் கட்டணம்

"பையை இப்படி நெஞ்சோட அணைச்சிக்கிட்டு நடந்தா, உள்ள பணம் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா" என்றாள் லிடியா.

அம்மா சகாயமேரி சட்டென்று பையைக் கீழே இறக்கினார். பத்தடி நடந்ததும் பை மறுபடி நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

லிடியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவின் பயம் அவளுக்குப் புரிந்தது. பையில் இருந்தது அக்கா வினோலியாவின் கல்லூரிக் கட்டணம். அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையான இன்று மாலை ஆறு மணிக்குள் ஆன்லைனில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அப்பா ஆனந்த்ராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்கு நேற்றுதான் சம்பளம் வந்தது. அதோடு அம்மா ஜாக்கெட் தைத்துச் சேர்த்த பணமும் சேர்ந்து, இன்றைக்குத்தான் தொகை முழுதாகியிருந்தது. அப்பா இப்போது ஷிப்டில் இருந்தார். உள்ளே போய்விட்டால் போனில் பிடிக்க முடியாது.

அம்மாவின் கணக்கு இருந்தது 'மின்மினி' என்ற வங்கியில். அந்த வங்கிக்கு நெய்வேலியில் கிளை கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது. அது முழுக்க முழுக்கக் கைபேசிக்குள்ளேயே இருக்கும் வங்கி. ரொக்கப் பணத்தைக் கணக்கில் போட வேண்டுமென்றால், மின்மினிப் பூச்சி படம் போட்ட பலகை தொங்கும் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, நம் கைபேசி எண்ணைத் தன் போனில் தட்டுவார். உடனே நம் கணக்கில் பணம் ஏறிவிடும்.

"பேங்க்குன்னா ஒரு கதவாவது இருக்க வேணாமா?" என்று அம்மா அடிக்கடி கேட்பார்.

மெயின் பஜாரில் செங்குட்டுவன் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் அந்தப் பலகை இருந்தது. சந்தை நாள் என்பதால் கடையில் கூட்டம். இவர்களுக்கு முன்னால் பலாச்சுளை விற்கும் ஒரு பெண் காலிக் கூடையோடு நின்றிருந்தார். அன்றைய வியாபாரப் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, "பண்ருட்டி பஸ் போயிடும்" என்று சொல்லியபடி ஓடினார்.

அடுத்து அம்மா பணத்தைக் கொடுத்தார். ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். இன்னொருவர் "கலர் பிரின்ட் எவ்வளவு?" என்றார். செங்குட்டுவன் ஒரு கையால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, மறு கையால் போனைத் தட்டினார்.

"ஏறிடுச்சுக்கா."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். லிடியா மட்டும் அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அம்மா போன்ல மெசேஜ் வரலையே?"

"டவர் பிரச்சினையா இருக்கும் பாப்பா. இரு, பாக்கறேன்."

செங்குட்டுவன் தன் போனைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐயோ! முன்னாடி வந்தவங்க பேரு திரையில அப்படியே இருந்திருக்கு. நான் உங்க நம்பரை மாத்தாம, தொகையை மட்டும் போட்டு அமுக்கிட்டேன். பணம் பொற்கொடிங்கறவங்க கணக்குக்குப் போயிடுச்சுக்கா."

"யாரு பொற்கொடி?"

"பலாச்சுளை விக்கறவங்க. இப்பதான் பஸ்ஸுக்கு ஓடினாங்களே, அவங்கதான்."

அம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

செங்குட்டுவன் மேசை இழுப்பறையைத் திறந்து, அம்மா கொடுத்த நோட்டுகளை அப்படியே எடுத்து நீட்டினார். "தப்பு என்னுதுக்கா. நஷ்டத்தை நான் பாத்துக்கறேன். உங்க பணத்தை வெச்சுக்கங்க. ஆனா மறுபடி ஏத்தறதுக்கு என் கணக்குல மிச்சம் இல்ல. நான் முன்னாடியே போட்டு வெச்சிருக்கற பணத்துலேர்ந்துதான் எல்லாருக்கும் ஏத்தறேன். அது தீந்துபோச்சு. நாளைக்குத்தான் நிரப்ப முடியும்."

மந்தாரக்குப்பத்தில் இருந்த இன்னொரு மின்மினிக் கடைக்குப் போன் செய்தார். கடைக்கு விடுமுறை. வங்கியின் உதவி எண்ணுக்கும் பேசினார். புகாரைப் பார்க்கச் சில நாள் ஆகும் என்றார்கள்.

கையில் பணம் இருந்தது. கணக்கில் இல்லை. கல்லூரியோ கையில் இருக்கும் பணத்தை வாங்காது.

"பொற்கொடி அக்காவுக்கே போன் பண்ணிடலாம்" என்று செங்குட்டுவன் அவருடைய எண்ணை அழுத்தினார்.

"அக்கா, வணக்கம். மின்மினி கடையிலேர்ந்து பேசறேன். உங்க கணக்குக்குத் தப்பா ஒரு பணம்..."

"நெனச்சேன்! இப்டித்தான் எங்க வூட்டாண்ட இருக்கறவளுக்கும் ஒருத்தன் போன் பண்ணான். தப்பா பணம் வந்துடுச்சு, திருப்பி அனுப்புன்னான். அவளும் அவன் சொன்னதையெல்லாம் அமுக்கினா. இருந்த காசும் பூடுச்சு! எங்கிட்டயே வர்றியா? வைடா போனை!"

செங்குட்டுவன் காதைத் தடவிக்கொண்டார்.

அம்மா தன் போனிலிருந்து முயன்றார். "அம்மா, நான் சகாயமேரி பேசறேங்க. கடையில உங்க பின்னாடி..."

"இன்னொரு நம்பரா? கும்பலாவே கெளம்பிட்டீங்களா? போலீஸ்ல சொல்லிடுவேன்!"

அதன் பிறகு பொற்கொடி போனை எடுக்கவே இல்லை.

"என்னைத் திருடின்னு நெனச்சிட்டாங்களே" என்றார் அம்மா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, பணம் ஏறிடுச்சா? நான் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்."

"கடையில கூட்டம்டி. வந்துடறேன்" என்று அம்மா தடுமாறிச் சொன்னார்.

லிடியாவுக்குப் பொற்கொடியின் மேல் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்த போலீஸ் அக்கா பேசியது நினைவுக்கு வந்தது. 'பணம் திருப்பி அனுப்பச் சொல்லி யாராவது போன் செய்தால் உடனே துண்டித்துவிடுங்கள். ஏமாற்றுகிறவர்கள் எப்போதும் அவசரப்படுத்துவார்கள்.'

"அம்மா, அவங்க சரியாத்தான் செய்றாங்க" என்றாள் லிடியா.

"என்னடி சொல்ற?"

"உனக்கு இப்படி ஒரு போன் வந்தா நீ என்ன பண்ணுவ?"

அம்மா யோசித்தார். "நானும் திட்டித்தான் இருப்பேன்."

"நாம பேசப் பேச அவங்களுக்குப் பயம்தான் கூடும். போனைக் குடும்மா. வாட்ஸ்அப்ல குரல் செய்தி அனுப்பிப் பாக்கறேன். பதில் சொல்ல வேணாம், கேட்டா போதும்."

லிடியா போனை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போனாள். என்ன சொல்வதென்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பேசினாள்.

"ஆன்ட்டி, என் பேரு லிடியா. ஆறாவது படிக்கிறேன். கடையில உங்களுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க போனைக் கட் பண்ணது ரொம்பச் சரி. எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதனால நீங்க எங்களுக்கு எதுவும் அனுப்பாதீங்க. எந்த நம்பரும் சொல்லாதீங்க. எங்களை நம்பவும் வேணாம். உங்க ஊர்லயே மின்மினிப் பலகை போட்ட, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கடை இருந்தா, அங்க போய் உங்க போனைக் காட்டுங்க. இந்தப் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்களையே கேளுங்க. அவங்க சொல்றதை நம்பினா போதும். மெதுவாப் போங்க ஆன்ட்டி."

அனுப்பிவிட்டுத் திரும்பினாள். பின்னால் அம்மாவும் செங்குட்டுவனும் நின்றிருந்தார்கள்.

"பாப்பா, ஆறு மணிக்குள்ள வேணும்னு சொல்லாம விட்டுட்டியே!" என்றார் செங்குட்டுவன் பதறிப்போய்.

"வேணும்னுதான் விட்டேன் அண்ணா. அவசரம்னு சொன்னா, ஏமாத்தறோம்னு நெனப்பாங்க."

"மெதுவாப் போங்கன்னு வேற சொல்லிட்டியேடி!" என்றார் அம்மா.

லிடியாவுக்கே சந்தேகம் வந்தது. தான் செய்தது சரிதானா? ஒருவேளை பொற்கொடி ஆன்ட்டி வீட்டுக்குப் போய், குளித்து, சமைத்து, நாளைக்குத்தான் கடைக்குப் போவாரோ?

செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் தெரிந்தன. பொற்கொடி கேட்டுவிட்டார். ஆனால் பதில் இல்லை.

காத்திருந்தார்கள். செங்குட்டுவன் வாங்கி வந்த டீ ஆறி ஆடை படிந்தது. அக்கா மறுபடி அழைத்தாள். அம்மா எடுக்கவில்லை. வெயில் கடையின் படியை விட்டு இறங்கிச் சாலைக்குப் போய்விட்டது. அம்மாவின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன.

திடீரென்று செங்குட்டுவனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"நெய்வேலி செங்குட்டுவன் கடைங்களா? நான் பண்ருட்டி போற வழியில முத்தாண்டிக்குப்பத்துல மளிகைக் கடை வெச்சிருக்கேன். மின்மினியும் பாக்கறேன். பொற்கொடி அக்கா இங்க வந்திருக்காங்க. என் எதிர்லதான் நின்னுகினு இருக்காங்க. ரெண்டாவதா வந்த பணம் உங்க கடையிலேர்ந்துதான் வந்திருக்கு. அது யாருக்குப் போவணும்?"

செங்குட்டுவன் அம்மாவின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.

"பேரைப் படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. சகாயமேரி."

"சரி, சரி, சரி!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்து ஓரடி பின்னால் போனார்.

பொற்கொடியின் கணக்கிலிருந்து அந்தப் பணத்தை எடுத்து, மளிகைக் கடைக்காரர் அம்மாவின் கணக்கில் போட்டார்.

டிங்!

அம்மாவின் போனில் செய்தி வந்து விழுந்தது. அம்மா அதைப் படித்தார். நம்பாமல் லிடியாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு நோட்டுகளைச் செங்குட்டுவன் கையில் திணித்துவிட்டு, லிடியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். அம்மா ஓடி லிடியா பார்த்ததே இல்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "எங்கம்மா போனீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு!"

"எல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல கட்டு!"

அக்கா கட்டணப் பக்கத்தைத் திறந்து, அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று தலைகளும் ஒரு சின்னத் திரைக்கு மேல் முட்டிக்கொண்டன.

பச்சை நிறத்தில் எழுத்துகள் வந்தன: 'கட்டணம் பெறப்பட்டது.'

அக்கா லிடியாவைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. மணி ஆறாக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

பிறகு அம்மாவே பொற்கொடிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். இந்த முறை அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்" என்றார் பொற்கொடி.

"ஐயோ, அதனால என்னங்க! நல்ல மனசோட கடைக்குப் போனீங்களே. அதுவே பெரிசு."

"அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டதும் மனசு கேக்கல. ஏமாத்தறவ எவளாவது 'என்னை நம்பாதீங்க'ன்னு சொல்லுவாளா? ஆமா, அது என்ன பணம்?"

"எங்க பெரிய பொண்ணு நர்சிங் சேர்ற பணம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கட்டணும். இப்பதான் கட்டினோம்."

பொற்கொடி பதறிப்போனார்.

"ஆறு மணிக்குள்ளயா? அடியம்மா! நான் கடைத்தெருவுல கத்திரிக்காயெல்லாம் பொறுக்கி வாங்கிகினு இல்ல போனேன்! பாப்பா, முன்னாடியே சொல்லியிருந்தா ஓடியே போயிருப்பேனே!"

"சொல்லியிருந்தா போனைக் கட் பண்ணியிருப்பீங்க ஆன்ட்டி" என்றாள் லிடியா.

பொற்கொடி யோசித்தார். "அதுவும் மெய்தான்!" என்று அவர் சிரித்த சிரிப்பில், போன் ஸ்பீக்கரே கரகரத்தது.